நெய் தடவுற பிரஷ்

முட்டை போட்ட பிஸ்கட் கூட எங்க வீட்டு வாசப்படி ஏறினதில்லை. இத்தனைக்கும் நான் பட்டாளத்துல இருந்தவன். ஆடு, கோழி, டப்பாவுல அடைச்சு வந்த மீனுன்னு எதையும் விட்டு வச்சதில்லை. லீவுல ஊருக்கு வந்து செங்கோட்டைக்காரி ஒருத்தியக் கட்டினேன் பாருங்க, அதோட சரி. அவ வீட்டுல தலைமுறை தலைமுறையா சுத்த சைவம். "வெளிய என்ன எளவையும் தின்னுக்கிடுங்க, ஆனா குளிச்சுட்டு உள்ள வாங்க"ன்னா. கொஞ்ச நாள் குளிச்சேன். அப்புறம் சாரல் காத்துல யாரு குளிச்சுக்கிட்டுக் கெடக்கதுன்னு தின்கதையே விட்டுட்டேன். பாசத்துலதான் விட்டேன்னு சொன்னா நம்ப மாட்டா, சோம்பேறித்தனம்பா. ரெண்டும்தான்.

அவ கையில ஒரு வித்தை உண்டு. பலாப்பழ அல்வா. செங்கோட்டைப் பக்கம் அதைச் சக்கவரட்டின்னு மலையாளத்துப் பேரால சொல்லுவாங்க. சுளையை வேக வச்சு அரைச்சு, கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப் பாலும் நெய்யும் விட்டு, தோள்பட்டை கழண்டு விழுற வரைக்கும் கிண்டணும். கல்யாணச் சீர்ல வந்த வெங்கல உருளியிலதான் கிண்டுவா. நான் பென்சன் வாங்கிட்டு வந்து சும்மா உக்காந்து பேப்பர் படிச்சது அவளுக்குப் பொறுக்கலை. மேலகரத்துல அருவிக்குப் போற ரோட்டு மேல ஒரு சின்னக் கட்டிடம் புடிச்சு, கூடமாட நாலு பொம்பளைகளச் சேத்து அல்வாக் கடை போட்டுட்டா. அருவியில குளிச்சுட்டு வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு வருத சனத்துக்குச் சூடா ஒரு துண்டு குடுத்துப் பாருங்க, கைநிறைய வாங்காமப் போகமாட்டான். நான் கல்லாவுல உக்காருவேன். சில்லறை இல்லாம வாரவனை ரெண்டு ஏச்சு ஏசுவேன். அவ உள்ள இருந்து, "அவரு ஏசுதத மனசுல வைக்காதீங்க, பட்டாளத்துக்காரரு"ன்னு சத்தம் குடுப்பா.

வருசா வருசம் முதல் பலாப்பழம் வந்ததும் முதல் தட்டு பண்பொழி மலைக்குப் போயிரும். திருமலைக்குமாரசாமிக்குப் படைக்காம ஒரு துண்டு விக்க விடமாட்டா. மேல வரைக்கும் வண்டி போகுது, ரோடு போட்டிருக்கு. ஏறமாட்டா. தூக்குச் சட்டியக் கையில புடிச்சுக்கிட்டு, படிக்குப் படி முருகான்னுக்கிட்டு நடந்துதான் போவா. பின்னால மூட்டுவலியோட நான்.

இந்தக் கதைக்குள்ள ஹலால் வந்தது ஒரு கடையநல்லூர் அண்ணாச்சியால. அவருக்குப் பினாங்குல மளிகைக் கடை. சீசனுக்குக் குடும்பத்தோட குளிக்க வந்தவரு எங்க அல்வாவ ஒரு வாய் போட்டாரு, மறு வருசம் தேடிக்கிட்டு வந்தாரு. "தங்கச்சி, இதை அங்கன கொண்டு போவோம். மாசாமாசம் எடுத்துக்கிடுதேன். ஆனா ஹலால் சர்டிபிகேட் இல்லாம என் கடைத் தட்டுல ஏத்த முடியாது"ன்னாரு.

என் வீட்டுக்காரிக்குச் சுருக்குன்னுட்டு. "அண்ணாச்சி, இங்கன ஆடும் இல்ல, கோழியும் இல்ல. பலாப்பழத்த எந்தத் திக்கப் பாத்து அறுக்கணும்?"

அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "அறுக்கது மட்டுமா ஹலாலு? நெய் எங்க இருந்து வருது, எசன்ஸுல சாராயம் இருக்கா, பாத்திரத்துல வேற என்னத்தச் சமைச்சாங்க, பாக்கெட்ட எதை வச்சு ஒட்டுதாங்க, எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேப்பாங்க. உனக்கென்ன, உன் சமையக்கட்டு கோயிலு மாதிரி. கண்ண மூடிக்கிட்டுக் குடுத்துருவாங்க."

சுத்த சைவம்னு போர்டு போட்டவகிட்ட வந்து இன்னொருத்தர் சுத்தம் பாக்கதான்னு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. அப்புறம் அவளே வந்து, "எழுதிப் போடுங்க"ன்னா. சீசன் முடிஞ்சா அந்த நாலு பொம்பளைகளும் பீடி சுத்தப் போயிருவாங்க. அதுல ஒருத்திக்கு இருமல் விட்டபாடில்லை. வருசம் பூரா அல்வா கிண்டினா வருசம் பூரா அவளுக்கு இங்க வேலை. அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டா.

தாள் வேலை பூரா என் தலையில விழுந்துட்டு. அல்வாவுக்குள்ள என்னென்ன போகுது, ஒவ்வொண்ணும் யாருகிட்ட வாங்குதோம், அவங்க கிட்ட இருந்து எழுத்து. நெய்க்கம்பெனிக்காரன் ஒரு போன்ல அனுப்பிட்டான். கருப்பட்டிக்காரரு உடன்குடிப் பக்கத்து ஆளு, என்னையப் போன்லயே புடிச்சு உலுக்கிட்டாரு. "பனை கள்ளும் தரும், பதனியும் தரும். நான் காச்சுதது பதனி. புளிக்காம இருக்கப் பதனி எறக்குதவன் கலயத்துல சுண்ணாம்பு தடவுவானா, கள்ளு எறக்குதவன் தடவுவானா? இதுக்கு ஒரு லெட்டராக்கும்!"னாரு. "அதையே எழுதிக் குடும் அண்ணாச்சி"ன்னு நான் கெஞ்ச வேண்டியதாப் போச்சு.

சர்டிபிகேட் குடுக்கவங்க பாக்க வாராங்கன்னு தேதி வந்ததும் எனக்குப் பட்டாளத்து ரத்தம் ஏறிட்டு. பெரிய ஆபீசர் வருதாருன்னா அங்க மரத்துக்குக் கூடச் சுண்ணாம்பு அடிப்போம். சுவத்துக்கு வெள்ளை அடிச்சேன், தட்டுகள அளவுவாரியா அடுக்கினேன், நாலு பேத்துக்கும் தலைக்குத் தொப்பி போட்டு வரிசையா நிக்க வச்சேன். "ஏங்க, அல்வாவ சல்யூட் அடிக்கச் சொல்லலையா?"ன்னு அவ கேட்டா. பொம்பளைக சிரிச்ச சிரிப்புல எனக்குக் கோவம் வந்துட்டு. ஆனா அன்னைக்கு அவளுக்கு ஒரே கெத்து. வாரவங்க வரட்டும், வந்து பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டுப் போகட்டும்னு இருந்தா.

ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு மார்க்கம் படிச்ச பெரியவரு. ஆலிம்சான்னு கூப்பிட்டோம். வெள்ளைத் தாடி, கையில குடை, அதிகம் பேச மாட்டாரு. கூட வந்தது உணவு விசயம் படிச்ச சின்னப் பொண்ணு. அது பேசாத நேரமே இல்லை. பிரிட்ஜத் தொறந்துச்சு, பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் படிச்சுச்சு, குப்பைக் கூடையக் கூட விடலை. அல்வா வேணுமான்னு கேட்டதுக்கு, பாக்க வந்த இடத்துல சாப்பிடக் கூடாதுன்னுட்டாங்க.

அடுப்புக்கு மேல முருகன் படம் மாட்டியிருந்துச்சு. ஆலிம்சா அதைப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு, எப்படிச் சொல்லன்னு தயங்கினாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. நான் வாயத் தொறக்கதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. "அடுப்புப் புகையில அவரும் கறுத்துப் போயிட்டாரு. முன்னறையில காத்தாட இருக்கட்டும்"னு தானே ஏறிக் கழத்திட்டா. மலைக்குப் போற முதல் தட்டையும் அவளே சொல்லிட்டா. யாரும் கேக்கலை. ஆலிம்சா, "கோயிலுக்குப் போறத தனியா கிண்டிக்கிடுங்கம்மா. படைச்சதுல எதுவும் திரும்பி இந்தப் பக்கம் வர வேண்டாம்"னாரு. "படைச்சத திருப்பிக் கொண்டாந்து எவளாவது விப்பாளா? அது அவருக்குப் போனது"ன்னா. ரெண்டு பேரும் தலையாட்டிக்கிட்டாங்க. ஆஹா, காரியம் ஆச்சுன்னு நான் நெனச்சேன்.

அப்பத்தான் அந்தப் பொண்ணு நெய்க் கிண்ணத்துக்குள்ள கெடந்த பிரஷைத் தூக்குச்சு. மரக் கைப்பிடி, வெள்ளை முடி. அல்வா ஒட்டாம இருக்க உருளிக்கும் தட்டுக்கும் நெய் தடவுறது அதை வச்சுத்தான்.

"இது எங்கம்மா வாங்குனீங்க?"

"தென்காசி பஜார்ல, பெயிண்டுக் கடையில. புத்தம் புதுசு. வெந்நியில முக்கித்தான் உள்ளயே கொண்டாருவேன். பிளாஸ்டிக்குன்னா சூட்டுல உருகி அல்வாவுல போயிரும் பாத்துக்கோ, அதான் நல்ல முடியாப் பாத்து வாங்குதது." சொல்லும்போது அவ முகத்துல அம்புட்டுப் பெருமை.

பொண்ணு தீப்பெட்டி கேட்டுச்சு. ஒரு முடியப் புடுங்கி நெருப்புல காட்டுச்சு. உருகலை. சுருண்டு கருகுச்சு. தலைமுடி பொசுங்குத நாத்தம் அறை பூரா.

"குதிரை முடியா?"ன்னு அவ மெதுவாக் கேட்டா.

பொண்ணு ஆலிம்சாவப் பாத்துச்சு. அவரு கீழ பாத்துக்கிட்டே, "இந்த வெள்ளை பிரஷு பெரும்பாலும் பன்னி முடிம்மா"ன்னாரு.

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி. வேற யாருக்கு நடந்திருந்தாலும் இதைச் சொல்லிச் சிரிச்சிருப்பேன். முட்டை பிஸ்கட்ட வாசல்லயே நிறுத்தினவ, இத்தனை வருசமா பன்னி முடிய நெய்யில முக்கி முக்கி அல்வா செஞ்சிருக்கா! எனக்குக் கோவத்த எங்க கொண்டு போய்க் கொட்டன்னு தெரியலை. அந்தப் பொண்ணு மேலயே பாஞ்சேன். "ஒரு முடியக் கொளுத்திப் பாத்துட்டு என்ன வேணாலும் சொல்லிருவீங்களா?"ன்னு கத்தினேன்.

"கத்தாதீங்க"ன்னா அவ. குழாயடியில போய்க் கையக் கழுவினா. கழுவிக்கிட்டே இருந்தா. அவங்க ரெண்டு பேரும் குறைய எழுதி, சரி பண்ணிட்டுச் சொல்லுங்கன்னு குடைய விரிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. அவ இன்னும் குழாயடியிலதான் நிக்கா.

வீட்டுக்கு வந்ததும்தான் வாயத் தொறந்தா. "அந்த மலைக்குல்லா கொண்டு போயிருக்கேன். அவருக்குல்லா ஊட்டியிருக்கேன்."

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. பினாங்கு போச்சே, கடை போச்சேங்கதெல்லாம் அவ மனசுலயே இல்லை. வருசா வருசம் படியேறிப் போய் முருகனுக்கு எதைக் குடுத்தோம்னுதான் அவளுக்கு நெஞ்சு வெந்துக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் அடுப்பு பத்த வைக்கலை. உருளிய வாசல்ல கொண்டாந்து வச்சுட்டு, "சித்தாத்துல போட்டுட்டு வாங்க"ன்னா. சீர் உருளி! அவ அம்மை வீட்டுல இருந்து வந்ததுல மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். ஏட்டி, கிறுக்குக் கோட்டி புடிச்சிருக்கான்னேன். குளத்துல முங்கி எந்திரி, விரதம் இரு, பரிகாரம் பண்ணுன்னு பக்கத்து வீட்டுக்காரிக ஆளுக்கொண்ணு சொன்னாங்க. எதுவும் அவ மனசுல ஒட்டலை. இனிமே அந்த மலை ஏற மாட்டேன்னுட்டா.

பெயிண்டுக் கடைக்காரன் கழுத்தப் புடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னு பஜாருக்குப் போனேன். அவன் பதறவே இல்லை. "அண்ணாச்சி, பெயிண்டுக் கடையில பிரஷு கேட்டா சுவத்துக்குன்னுதான் குடுப்பேன். அல்வாவுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியளா?"ன்னான். சவம், அவன் கேக்கதுல என்ன தப்பு? ஒரு டீ வாங்கிக் குடுத்தான், குடிச்சுட்டு வந்துட்டேன்.

வேற வழியில்லாம ஆலிம்சாவுக்கே போன் போட்டேன். "சர்டிபிகேட் கெடக்கட்டும் பெரியவரே. என் வீட்டுக்காரி உருளிய ஆத்துல போடச் சொல்லுதா. சோறு தண்ணி எறங்கலை. என்ன செய்யட்டும்?"

"போடாதீங்க, போடாதீங்க"ன்னு அவரு பதறிட்டாரு. "பாத்திரத்த விடச் சொல்லி எங்கயும் இல்ல. கழுவினாச் சுத்தம். ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை சுத்தமான மண்ணு கரைச்ச தண்ணியில. நான் வாரேன், பக்கத்துல நின்னு பாக்க வேண்டியது என் வேலைதான். எரு, சாணி படாத மண்ணா எடுத்து வைங்க."

சாணி படாத மண்ணுக்குத் தென்காசி வட்டாரத்துல நான் எங்க போவேன், சொல்லுங்க? பாக்க இடமெல்லாம் மாடு. கடைசியில கடப்பாரைய எடுத்துக்கிட்டு எங்க கடைக்குப் பின்னால தோண்ட ஆரம்பிச்சேன். எல்லையில பங்கர் தோண்டின கை. மேல் மண்ணு பூராத் தள்ளி, இடுப்பளவு எறங்கி, செக்கச் செவேல்னு வாசம் இல்லாத மண்ண அள்ளினேன். பீடி சுத்தப் போக இருந்த பொம்பளைக எட்டிப் பாத்துட்டு, "அண்ணாச்சி, அல்வாக் கடைக்குக் கிணறா?"ன்னாளுக. மேல ஏறி வரத்தான் முடியலை. அவளுகதான் கையக் குடுத்துத் தூக்கி விட்டாளுக.

ஆலிம்சா சொன்ன மாதிரி வந்தாரு. உருளி, தட்டு, கரண்டின்னு அந்த பிரஷ் பட்ட அம்புட்டும் வெளிய வந்துச்சு. முதல்ல மண்ணு தண்ணி. குளிக்கப் போய்ச் சேத்தப் பூசின கதையா, உருளி பூராச் சிவப்புச் சேறு. அவ யாரையும் தொட விடலை. முழங்கை வரைக்கும் சேறோட தானே தேச்சா. அப்புறம் நல்ல தண்ணி விட்டு விட்டுக் கழுவுனா. ஒவ்வொரு தடவையும் ஆலிம்சா குனிஞ்சு பாத்துக்கிட்டாரு.

"இவ்வளவுதானா? இனி ஒண்ணும் ஒட்டியிருக்காதா?"

"இருக்காதும்மா. சுத்தம்."

"நிச்சயமா?"

"நான் எழுதிக் கையெழுத்துப் போடப் போறேன்லா?"

அவ உருளியப் பாத்துக்கிட்டே இருந்தா. கல்யாணத்தன்னைக்கு வந்தப்ப எப்படி மின்னுச்சோ அப்படி மின்னுச்சு. "அப்ப முன்னால கொண்டு போய்ப் படைச்சதெல்லாம்?"னு கேட்டா.

அவரு தாடியத் தடவிக்கிட்டாரு. "தெரியாம நடந்தத ஆண்டவன் குத்தமா வைக்க மாட்டான், அது எங்க நம்பிக்கை. உங்க சாமியப் பத்தி நான் சொல்லப்படாதும்மா. அது நீங்கதான் அவருகிட்ட கேக்கணும்."

அந்த மனுசனை எனக்கு அன்னைக்குத்தான் புடிச்சுப் போச்சு. அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு வாய்க்கு வந்தபடி சமாதானம் சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்லலை.

பழைய பிரஷுகளக் கொளுத்தியாச்சு. சூடு தாங்குத சிலிக்கான் பிரஷ், அதுக்கு ஒரு கடுதாசி. கொஞ்ச நாள்ல சர்டிபிகேட் வந்துட்டு. ஒரு வருசத்துக்குத்தான் செல்லும். நெய்க்காரன மாத்தினாலும் சொல்லணும், ஏலக்காய் வேற இடத்துல வாங்கினாலும் சொல்லணும், சொல்லாமக் கொள்ளாம எப்ப வேணாலும் வந்து பாப்பாங்க. பினாங்குக்கு முதல் பெட்டி போச்சு. அந்த நாலு பேரும் பீடித் தட்டைப் பரண்ல போட்டுட்டாங்க. அவ அடுப்புகிட்ட நின்னா, கிண்டினா, பேசினா, சிரிக்கக் கூடச் செஞ்சா. மலைப் பேச்சை மட்டும் எடுக்கலை.

அடுத்த பலாப்பழக் காலம் வந்துச்சு. ஒரு நாள் காலையில பாத்தா, குளிச்சு முழுகி, புதுச் சட்டியில தனியாக் கிண்டி, தூக்குச் சட்டியோட வாசல்ல நிக்கா. "வாரீங்களா, நான் மட்டும் போகட்டுமா?"ன்னா. மூட்டுவலியாவது ஒண்ணாவது, செருப்ப மாட்டிட்டேன். அன்னைக்குப் படியேறையில அவ முருகான்னு ஒரு தடவை கூடச் சொல்லலை. சண்டை போட்ட வீட்டுக்குப் போற மாதிரி விறுவிறுன்னு ஏறினா.

சன்னிதியில தேங்காய், பழம், அல்வா எல்லாத்தையும் தட்டுல வச்சா. அப்புறம் பைக்குள்ள கைய விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட சர்டிபிகேட்ட எடுத்து அதுக்கு மேல வச்சா பாருங்க! "ஏட்டி, என்ன பண்ணுத? ஆளு பாக்காங்க"ன்னு முந்தானையப் புடிச்சு இழுத்தேன். கையத் தட்டி விட்டா.

குருக்கள் அதைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் படிச்சாரு. "ஹலால்னு போட்டிருக்கேம்மா?"

"ஆமா சாமி. இத்தனை வருசமா அழுக்கு பிரஷ வச்சு நெய் தடவி அவருக்குக் கொண்டாந்து குடுத்துட்டேன். எனக்குத் தெரியலை. இவங்க வந்து முடியக் கொளுத்திப் பாத்துத்தான் தெரிஞ்சுது. ஏழு தண்ணியில கழுவியாச்சு, மண்ணு போட்டும் கழுவியாச்சு. ஒரு பெரியவர் பக்கத்துல நின்னு பாத்து எழுதிக் குடுத்திருக்காரு. சுத்தம்னு நானே சொன்னா அவருக்கு இனி நம்பிக்கை வருமா? அதான் காட்டுதேன். காட்டிருங்க சாமி." சொல்லிட்டுக் குழந்தை மாதிரி அழுதா.

குருக்கள் அவளைப் பாத்தாரு, தாளைப் பாத்தாரு. தட்டோட உள்ள கொண்டு போயி, எல்லாத்துக்கும் சேத்துத் தீபம் காட்டிட்டாரு. திரும்பி வரையில அந்த உறை மேல ஒரு விரல் திருநீறு இருந்துச்சு.

இப்ப அவளுக்கு வேற வியாதி வந்திருக்கு. வாசுதேவநல்லூர்ல எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். பந்திக்குச் சமைக்குத ஆக்குப்பறைக்குள்ள நேராப் போயி, சமையக்காரத் தவசுப்பிள்ளை கையில இருந்த பிரஷைப் புடுங்கி ஒரு முடியக் கொளுத்திட்டா. அந்த மனுசன் கரண்டியக் கீழ போட்டுட்டுக் கெளம்பப் பாத்தாரு. நான்தான் போய்க் கால்ல விழாத குறையா நிறுத்தினேன்.

வருசம் முடிஞ்சு புதுப்பிக்க ஆலிம்சா வந்தாரு. முன்னறையில முருகன் படத்துக்கு எதிர்ச் சுவர்ல சர்டிபிகேட்ட மாட்டியிருந்தோம். அந்தத் திருநீற நான் தொடைக்கப் போயி அவகிட்ட ஏச்சு வாங்கி, அப்படியே விட்டிருந்தேன். அவரு கண்ணுல அது பட்டுட்டு. ரொம்ப நேரம் பாத்தாரு.

அப்புறம் திரும்பி அவளப் பாத்து, "உங்க சாமிகிட்ட கேட்டியளாம்மா? என்ன சொன்னாரு?"ன்னாரு.

"ஒண்ணும் சொல்லலை ஆலிம்சா"ன்னா அவ. "வாங்கிக்கிட்டாரு."